அடுப்படியில் தண்ணீர் காட்டும் வித்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் பொங்குவது, கடுகு வெடிப்பது, குக்கர் விசில் என்று கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரே விஷயம்தான்: ஒரு கிராம் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் அது சுமார் 1.67 லிட்டர் இடத்தை அடைக்கும். அதாவது 1,600 மடங்குக்கும் மேல். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிப் பதில்களை நீங்களே சொல்லிவிடுவீர்கள். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

பால் மட்டும் ஏன் பொங்கி வழியுது? தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் வழியறதில்லையே?

அடியில் ஆவிக்குமிழி உருவாவது இரண்டுக்கும் பொதுதான். தண்ணீரில் குமிழி மேலே வந்த மாத்திரத்தில் உடைந்துவிடும். பாலில் உள்ள புரதங்கள் குமிழியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அதை உடையவிடாமல் தாங்குகின்றன. அதோடு, சூடு 70 டிகிரியைத் தாண்டும்போது சில புரதங்கள் உருக்குலைந்து, கொழுப்போடு சேர்ந்து மேலே ஆடையாகப் படிகின்றன. கீழிருந்து வரும் ஆவிக்கு வெளியேற வழியில்லை. நுரை ஆடையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது.

"இவ்வளவு நேரம் சும்மா இருந்தது, திரும்பிப் பார்ப்பதற்குள் வழிந்துவிட்டது" என்பதற்கும் காரணம் உண்டு. மேல்பகுதிப் பால் கொதிநிலையை எட்டும்வரை, அடியில் பிறக்கும் குமிழிகள் வழியிலேயே குளிர்ந்து மறைந்துவிடும். முழுப்பாலும் சூடேறிய நொடியிலிருந்து எல்லாக் குமிழிகளும் மேலே வந்து சேர்கின்றன. வாயகன்ற பாத்திரம், சிறு தீ, அவ்வப்போது ஆடையைக் கலைத்து ஒரு கிளறல் இருந்தால் போதும்.

மேலே மரக்கரண்டியைக் குறுக்கே வச்சா பொங்காதுங்கறாங்களே, நிஜமா?

கொஞ்ச நேரத்துக்கு நிஜம். ஏறி வரும் குமிழி, சூடில்லாத உலர்ந்த மரத்தில் பட்டால் உடைந்துவிடும். ஆனால் கரண்டி நனைந்து சூடானதும் அந்த உதவி நின்றுபோகும். பெருந்தீயில் வைத்துவிட்டு கரண்டியை நம்பி வெளியே போனால், அடுப்பைத் துடைக்கும் வேலைதான் மிச்சம்.

பாத்திரத்துக்குள் அடியில் போடும் வட்டத் தட்டு இதைவிட உருப்படியானது. தட்டுக்கு அடியில் ஆவி சேர்ந்து, ஓரத்துப் பள்ளம் வழியாகப் பெரிய குமிழியாகக் கிளம்பும். பெரிய குமிழி நுரையையும் ஆடையையும் கிழித்துக்கொண்டு போகும். அது போடும் சத்தத்திலேயே கொதி வந்துவிட்டதும் தெரிந்துவிடும்.

பொங்கி வர்றப்ப ஒரு கை தண்ணி தெளிச்சா சட்டுனு அடங்குதே, எப்படி?

நுரைக்குள் இருப்பது பெரும்பாலும் நீராவி, காற்று அல்ல. குளிர்ந்த நீர் பட்டால் ஆவி மீண்டும் தண்ணீராகிச் சுருங்கும். 1,600 மடங்கு விரிந்தது அதே அளவுக்குச் சுருங்குவதால்தான் அந்த 'சட்டு'. ஊதினாலும் இதே விளைவு கொஞ்சம் கிடைக்கும். தீயைக் குறைக்காவிட்டால் அரை நிமிடத்தில் மறுபடி ஏறும்.

தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி 'ஙொய்'னு ஒரு சத்தம் வருது, கொதிச்சதும் குறைஞ்சிடுதே?

முதல் பதிலில் சொன்ன, வழியிலேயே மறையும் குமிழிகளின் சத்தம் அது. சூடான அடியை விட்டுக் கிளம்பிய குமிழி மேலேயுள்ள குளிர்ந்த நீரில் பட்டுச் சட்டென்று நசுங்கும். ஆயிரக்கணக்கில் நசுங்கும்போது இரைச்சலாகக் கேட்கிறது. தண்ணீர் முழுக்கச் சூடானதும் நசுங்குவது நிற்கும். குமிழி மேலே வந்து உடையும் மெல்லிய 'தளதள' மட்டும் இருக்கும்.

உப்பு போட்டா தண்ணி சீக்கிரம் கொதிக்குமா?

கொதிக்காது. ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 18 கிராம் உப்பு போட்டால் கொதிநிலை 0.3 டிகிரி கூடுகிறது, அவ்வளவுதான். கொதிக்கப்போகும் நீரில் உப்பைப் போட்டதும் 'புஸ்' என்று நுரைப்பதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்திருக்கும். அது, உப்புத் துகளின் முனைகளில் குமிழி பிறக்க இடம் கிடைப்பதால் வருவது. சூடு கூடவில்லை.

தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா சில சமயம் உடனே வத்துது, சில சமயம் முத்து மாதிரி ஓடுது. எது சரியான சூடு?

தோசைக்கு 'சுர்ர்' என்று ஓரிரு நொடியில் வற்றுவதுதான் சரி. கல் அதைவிடச் சூடாகி, ஏறக்குறைய 200 டிகிரியைத் தாண்டும்போது, சொட்டின் அடிப்பகுதி கல்லைத் தொடுவதற்குள்ளேயே ஆவியாகிவிடும். அந்த ஆவி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் மெத்தையாகி, மீதிச் சொட்டைத் தாங்கும். ஆவி வெப்பத்தை மோசமாகக் கடத்துவதால் சொட்டு ஒரு நிமிடம் வரைகூட உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும். கல் அதிகச் சூடாக இருக்கையில் தண்ணீர் மெதுவாக வற்றுவது என்ற விந்தை இப்படித்தான் நடக்கிறது. எந்தச் சூட்டில் இது தொடங்கும் என்பது கல்லின் வழவழப்பையும் அதில் ஏறியிருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் பொறுத்து முன்பின் மாறும்.

இதற்கு லைடன்ஃப்ராஸ்ட் விளைவு என்று பெயர். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் பேராசிரியராக இருந்த யோஹான் காட்லோப் லைடன்ஃப்ராஸ்ட், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பார்த்து 1756இல் இதை விரிவாக எழுதினார்.

முத்து ஓடும் சூட்டில் மாவை ஊற்றினால், அரிசியின் மாவுச்சத்து தொட்ட கணமே கெட்டியாகிவிடும். வட்டமாகத் தேய்ப்பதற்குள் மாவு கரண்டியோடு சுருண்டு வருவது அதனால்தான். தீயைக் குறைத்து, ஒரு கை நீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். துடைப்பதில் எண்ணெய் சீராகப் பரவுகிறது, கல்லின் மேல்பரப்புச் சூடும் இறங்குகிறது. மாவு விழுந்து பரப்பி முடித்த பிறகு தீயைக் கூட்டினால் முறுகல் வரும்.

அப்படி ஓடற முத்து கடைசியில 'டப்'னு ஒரு சத்தம் போட்டு காணாமப் போகுதே?

சொட்டு எவ்வளவு சுத்தம் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. 2019இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு, அதிவேகக் கேமராவால் இதைப் படம்பிடித்தது. சுத்தமான, சிறிய சொட்டு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் லேசாகிக் கல்லிலிருந்து எம்பிப் பறந்து மறைகிறது. தூசு, உப்பு போன்றவை கலந்த சொட்டில், தண்ணீர் குறையக் குறைய அழுக்கு மட்டும் மேல்பரப்பில் திரண்டு ஆவி மெத்தையைக் குலைக்கிறது. சொட்டு கல்லில் உரசுகிறது, அங்கேயே வெடிக்கிறது. குழாய்த் தண்ணீரில் சத்தம் கேட்க வாய்ப்பு அதிகம்.

ஐஸ் கட்டியைப் போட்டா அதுவும் மிதந்து ஓடுமா?

தோசைக்கல்லில் ஓடாது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் அலுமினியத் தட்டில் செய்து பார்த்தார்கள். 2022இல் முடிவு வெளியானது. அதே தட்டில் நீர்ச்சொட்டு 150 டிகிரியிலேயே மிதக்க, பனிக்கட்டி மிதக்க 550 டிகிரி தேவைப்பட்டது. பனிக்கட்டிக்கு அடியில் உருகிய நீர் ஒரு படலமாக நிற்கிறது. அதன் ஒரு பக்கம் 0 டிகிரி, மறுபக்கம் 100 டிகிரி. வரும் வெப்பத்தில் பெரும்பங்கு அந்த வித்தியாசத்தைத் தக்கவைப்பதிலேயே செலவாகிறது. ஆவி உண்டாக்க மிச்சம் கொஞ்சம்தான். பழுக்கச் சூடான உலோகத்தைக் குளிர்விக்கப் பனிக்கட்டி உதவும் என்று அவர்கள் நினைப்பது இதனால்தான்.

கடுகு ஏன் வெடிக்குது? பழைய கடுகு சில சமயம் வெடிக்காம கருகிடுதே?

கடுகுக்குள் கொஞ்சம் ஈரம் உண்டு. சூடான எண்ணெயில் அது ஆவியாகி, தோலைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. நன்றாகக் காய்ந்துபோன பழைய கடுகில் தோலைப் பிளக்கும் அளவுக்கு ஈரம் இருக்காது. எண்ணெய் காய்வதற்குள் போட்டாலும் இதே கதைதான்: ஈரம் மெல்ல மெல்லக் கசிந்து போய்விடும், வெடிப்பதற்கான அழுத்தம் சேராது. முதலில் இரண்டு கடுகைப் போட்டு, வெடித்த பிறகு மீதியைப் போடுங்கள். தட்டைப் பாதி மூடிவையுங்கள்.

சோளப்பொரியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2015இல் பிரான்சில் நடந்த ஆய்வின்படி சோளம் பொரிவது சுமார் 180 டிகிரியில். 'டப்' என்ற சத்தம் தோல் கிழிவதால் வருவதில்லை, உள்ளிருக்கும் ஆவி பாய்ந்து வெளியேறுவதால் வருகிறது.

இன்னொன்று. தாளித்த கடுகில் காரநெடி இருக்காது, ஊறுகாய்க்கு அரைத்த கடுகில் மூக்கில் ஏறும். நெடி கடுகில் தயாராக இருப்பதில்லை. நசுக்கி ஈரம் பட்டால்தான் மைரோசினேஸ் என்ற நொதி வேலைசெய்து அதை உண்டாக்கும். கொதிக்கும் எண்ணெயில் அந்த நொதி செத்துவிடும்.

ஈரக் கறிவேப்பிலை போட்டா எண்ணெய் ஏன் இப்படிச் சிதறுது?

தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அதனால் அடியில் இறங்குகிறது. 180 டிகிரி எண்ணெய்க்குள் மூழ்கிய சொட்டு நொடியில் ஆவியாகி, மேலே இருக்கும் எண்ணெயைத் தூக்கி எறிகிறது. இலையைத் துணியில் ஒற்றி, வாணலி ஓரமாக நழுவவிட்டு, உடனே மூடுங்கள்.

கிழக்காசிய சமையல்காரர்கள் ஈரக் குச்சியை எண்ணெயில் விட்டு, எழும் சத்தத்தை வைத்தே சூட்டை மட்டுக்கட்டுவார்கள். 2022இல் ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு இதையே எடுத்துக்கொண்டது. எண்ணெய்க்குள் ஆவிக்குழி மூன்று விதமாக உருவாவதையும், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஒலி எழுப்புவதையும் காட்டியது. 'சுர்ர்' சத்தம் கேட்டு "எண்ணெய் காய்ந்துவிட்டது" என்று சொல்வது வெறும் ஊகமல்ல.

எண்ணெய் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக் கூடாதா?

கூடவே கூடாது. மேலே சொன்னதேதான், சொட்டுக்குப் பதில் ஒரு சொம்பு. 200 மில்லி நீர் 300 லிட்டருக்கு மேல் ஆவியாகி, எரியும் எண்ணெயைத் துளித்துளியாகக் கூரைவரை வீசும். வாணலியை நகர்த்தாமல் கேஸை அணைத்து, உலோக மூடியை ஓரத்திலிருந்து சறுக்கி மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் மறுபடி பற்றும்.

பூரி உப்பறதும் இதே கணக்குதானா? எனக்கு ஏன் பாதி பூரி உப்பறதில்லை?

இதே கணக்குதான். எண்ணெய் பட்டதும் மேல், கீழ்த் தோல்கள் இறுகி, நடுவில் உள்ள ஈரம் ஆவியாகி இரண்டையும் பிரிக்கிறது. ஆவி சேரும் வேகத்துக்கு முன்னால் தோல் மூடியாக வேண்டும்.

உப்பாததற்குக் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். எண்ணெய்ச் சூடு போதவில்லை: ஒரு துணுக்கு மாவைப் போட்டால் உடனே மேலே வரவேண்டும். மாவு இளகல்: பூரிக்குச் சப்பாத்தியைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். கனம் சீராக இல்லை: நடுவில் கனம், ஓரத்தில் மெலிவு என்றால் ஆவி ஓரத்தில் கிழித்துக்கொண்டு போகும். இரண்டு மில்லிமீட்டர் கனம் சரியாக இருக்கும். போட்டதும் ஜல்லிக்கரண்டியால் லேசாக அமுக்கினால் மேல்தோலிலும் சூடான எண்ணெய் பட்டுச் சீக்கிரம் இறுகும். தொட்டுத் தேய்க்க மாவுக்குப் பதில் ஒரு சொட்டு எண்ணெய் நல்லது. உதிர்ந்த மாவு எண்ணெயில் கருகும்.

குக்கர்ல பருப்புக்கு எத்தனை விசில் வைக்கணும்?

விசில் ஒரு நேர அளவே அல்ல. வீட்டுக் குக்கரின் வெயிட், உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ கூடும்போது எழும்பும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது 120 டிகிரியில். வேகும் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைவது இந்த 20 டிகிரியால். ஆனால் வெயிட் எத்தனை முறை எழும் என்பதைத் தீர்மானிப்பது தீயின் அளவும், குக்கரில் உள்ள காலி இடமும், நீரின் அளவும். பெரிய பர்னரில் ஐந்து விசில் என்பது சிறிய பர்னரில் இரண்டாக இருக்கலாம். சமையல் குறிப்புகளில் "நாலு விசில்" என்று எழுதுவது பாதித் தகவல்தான்.

முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நிமிடக் கணக்கில் விடுங்கள். ஊறவைத்த துவரம்பருப்புக்கு ஆறிலிருந்து எட்டு நிமிடம் போதும். அழுத்தம் வந்த பிறகு பெருந்தீ வைத்தாலும் உள்ளே சூடு கூடாது. கூடுதல் கேஸ் முழுக்க விசிலாக வெளியே போகும். இந்த ஏற்பாட்டின் மூதாதை, பிரெஞ்சுக்காரர் டெனி பாப்பான் 1679இல் செய்த ஆவிப்பாத்திரம். அழுத்தம் மிஞ்சாமல் இருக்க வால்வையும் அவரே சேர்த்தார்.

ஊட்டியில சாதம் வேகவே மாட்டேங்குதே. குக்கர் வச்சாலும் நேரமாகுது?

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும் என்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது.

குக்கரும் ஏன் பின்தங்குகிறது? வெயிட் தருவது *வெளிக்காற்றுக்கு மேல்* ஒரு கிலோ என்று சொன்னோம். வெளிக்காற்றே அங்கே முக்கால் பங்குதான். கூட்டிப் பார்த்தால் உள்ளே சூடு 116 டிகிரி. சென்னைக் குக்கரைவிட நாலைந்து டிகிரி குறைவு. சிம்மில் விடும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

பருப்பு வச்சா மட்டும் விசில் ஓட்டை வழியா மஞ்சத்தண்ணி பீச்சுது, ஏன்?

பாலில் நடந்த நுரை விவகாரமேதான். பருப்பின் புரதமும் மாவுச்சத்தும் நுரையைத் தாங்குகின்றன. நுரை ஆவிக்குழாய் வரை ஏறுகிறது. கால் டீஸ்பூன் எண்ணெய் விட்டால் அது குமிழியின் தோலில் பரவி உடைத்துவிடும். பருப்பு, கடலை போன்றவற்றுக்குக் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு.

அழுக்கைவிட ஆபத்து பெரியது. பருப்புத்தோல் குழாயை அடைத்தால் வெயிட் எழும்பாது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதற்காகத்தான் மூடியில் சேஃப்டி வால்வ் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் குழாய் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வால்வ் உருகிவிட்டால் அதே நிறுவனத்தின் வால்வைத்தான் போட வேண்டும்; எதையாவது வைத்து அடைப்பது வெடிகுண்டு தயாரிப்பதுதான்.

மைக்ரோவேவ்ல தண்ணி சூடு பண்ணி காபிப்பொடி போட்டதும் கையில கொட்டிடுச்சு. கொதிக்கவே இல்லையே அது?

கொதிக்காததுதான் பிரச்சினை. குமிழி பிறக்க ஒரு கீறலோ துகளோ வேண்டும். உப்புக் கேள்வியில் பார்த்தோம். வழவழப்பான கண்ணாடிக் கோப்பையில், அடியில் தீ இல்லாமல் சூடாகும் நீர், அசையாமல் 100 டிகிரியைத் தாண்டிவிடலாம். பொடி விழுந்ததும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் குமிழி பிறந்து எகிறும். மரக்குச்சி ஒன்றைப் போட்டுச் சூடாக்குங்கள்; தேவைக்கு மேல் நேரம் வைக்காதீர்கள்; எடுப்பதற்கு முன் அரை நிமிடம் விடுங்கள். ஏற்கெனவே கொதித்து ஆறிய நீரில் கரைந்த காற்று குறைவு என்பதால், அதை மறுபடி வைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

சுடுதண்ணிதான் பச்சைத்தண்ணிய விட சீக்கிரம் ஐஸ் ஆகும்னு சொல்றாங்களே?

இந்த விஷயத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. 1963இல் தான்சானியாவில் எராஸ்டோ பெம்பா என்ற பள்ளி மாணவர் ஐஸ்கிரீமுக்காகக் காய்ச்சிய பாலை ஆறவிடாமல் உறைபெட்டியில் வைத்தார். ஆறவைத்த மற்றவர்களின் பாலைவிட அது முந்தி உறைந்தது. இயற்பியலாளர் டெனிஸ் ஆஸ்போர்னும் அவரும் சேர்ந்து 1969இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

2016இல் பர்ரிட்ஜ், லிண்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தண்ணீரில் கவனமாகச் செய்து பார்த்து, அப்படி ஒரு விளைவுக்கு ஆதாரமில்லை என்றார்கள். வெப்பமானியை ஒரு சென்டிமீட்டர் மேலே கீழே நகர்த்தினாலே முடிவு மாறுவதைக் காட்டினார்கள். 2020இல் கனடாவில் அவினாஷ் குமாரும் ஜான் பெக்ஹோஃபரும் நீரில் மிதக்கும் ஒரு நுண்துகளை வைத்து, 'அதிகச் சூடானது முந்திக் குளிர்வது' சாத்தியமே என்று நேச்சர் இதழில் நிறுவினார்கள். அது துகளின் நடத்தை. உங்கள் ஐஸ் டிரே அல்ல. வீட்டில் ஐஸ் வேண்டுமென்றால் பச்சைத்தண்ணீரையே வையுங்கள்.

மண்பானைத் தண்ணி மதுரையில ஜில்லுனு இருக்கு, சென்னையில ஏன் அவ்வளவு இல்ல?

பானையின் துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாவது மந்தமாகும். 35 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் பானை நீர் அதிகபட்சம் 22 டிகிரி வரை இறங்க முடியும். 80 சதவீதம் என்றால் 32 டிகிரியோடு சரி. கடலோர ஊரில் பானையைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்றோட்டமான இடத்தில், மணல்மேல் வையுங்கள். பானைக்குப் பெயின்ட் அடித்தால் துளை அடைபட்டு, மண்பானையின் பலனே போய்விடும்.

தண்ணி ஆவியாக சூடு இருந்தே ஆகணுமா? வெறும் வெளிச்சமே போதும்னு எங்கயோ படிச்சேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கேங் சென் குழுவினர் சொல்வது அது. நீரைத் தேக்கிவைக்கும் ஹைட்ரோஜெல்லில் ஒளி பட்டபோது, அந்த ஒளி தரும் வெப்பத்துக்குக் கணக்கிட்டதைவிட இரண்டு மூன்று மடங்கு நீர் ஆவியானதை 2023இல் வெளியிட்டார்கள். 2024இல் வெறும் நீர்ப்பரப்பிலும் அதைக் கண்டதாகச் சொன்னார்கள். ஒளி 45 டிகிரி சாய்வில் விழும்போதும், பச்சை நிறத்திலும் விளைவு மிகுதி. வியப்பு என்னவென்றால், தண்ணீர் பச்சை ஒளியைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. மேல்பரப்பில் உள்ள மூலக்கூறுக் கொத்துகளை ஒளி நேரடியாகப் பிய்த்தெடுக்கிறது என்பது அவர்கள் விளக்கம். மற்ற ஆய்வகங்களும் செய்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பாடப்புத்தகத்தில் ஏறும்.

அப்ப வடாம் காயறது வெயிலாலயா, வெளிச்சத்தாலயா?

முதலில் காற்று, பிறகு ஈரப்பதம், அப்புறம் வெயில். பானைக் கேள்வியில் சொன்ன ஈரப்பதக் கணக்கு இங்கும் செல்லும். மூடாக்கு இருந்தாலும் வறண்ட காற்று வீசும் நாளில், புழுக்கமான வெயில் நாளைவிட நன்றாகக் காயும். மாடியில் பிளாஸ்டிக் ஷீட்டைவிட வேட்டித்துணி மேல். துணி அடிப்பக்க ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மாலை ஈரக்காற்று தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் காய்ந்த வடாம் ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும். நடுவில் மங்கலான வெள்ளை தெரியாமல், ஒடித்தால் 'டக்' என்று முறிந்தால் டப்பாவில் போடலாம்.